புதுப்பிப்பு: மச்சான் படகின் புரொப்பல்லர்

கொச்சியில் நிற்கும் மச்சானின் பாய்மரப் படகில் புரொப்பல்லர் (தண்ணீரைத் தள்ளிப் படகை ஓட்டும் சுழல் இறகு) இளஞ்சிவப்பாகிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க. காரணம் தெரிந்துவிட்டது.

கழற்றிக் கோயம்புத்தூருக்கே கொண்டுவரச் சொன்னேன். கணபதியில் எங்கள் பட்டறையில் வைத்து இறகு விளிம்பை எமரித் தாளால் தேய்த்தால், மேலே செம்பு நிறம், அடியில்தான் மஞ்சள். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கவில்லை, மந்தமாகத்தான் கேட்டது. மாங்கனீஸ் வெண்கலம் என்று விற்றாலும் அது பித்தளை வகைதான், அதாவது செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகம் கரைந்துபோய், பஞ்சு மாதிரி செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

புரொப்பல்லர் மாட்டியிருக்கும் தண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உப்புத் தண்ணீரில் இரண்டும் சேர்ந்தால் மின்கலம் (பேட்டரி) மாதிரி ஆகி, பித்தளையில் இருக்கும் துத்தநாகம் கரையும். அதைத் தடுக்க ஆனோடு, அதாவது தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பாற்றும் உலோகத் துண்டு, மாட்டியிருந்தது; அதன் மேல் படகுப் பட்டறையில் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்! அது புதுசு போலவே இருந்தது. ஆனோடு தேயவே இல்லை என்றால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

துத்தநாக ஆனோடு போடச் சொன்னீர்கள். திறந்த கடலுக்குச் சரி. இந்தப் படகு நிற்பது காயலில் (கடலோர உப்பங்கழி). மழைக்காலத்தில் உப்பு குறைந்துவிடும், துத்தநாகத்தின் மேல் படலம் படிந்து செயலிழக்கும். அதனால் அலுமினியக் கலவை ஆனோடு வாங்கியாச்சு. (நம்ம ஆழியாறு மாதிரி அணைத் தண்ணீர் என்றால் மக்னீசியம்.) மாட்டும் இடத்தில் தண்டைப் பளபளவென்று தேய்த்துவிடணும், உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் பாதுகாப்பு. பாதி கரைந்ததும் மாற்றிவிடணும்.

அப்புறம், பழைய புரொப்பல்லர் தேறாது. நிக்கல் அலுமினிய வெண்கலத்தில் புதிதாகக் கேட்டிருக்கிறோம், வந்ததும் எழுதுகிறேன்.