தை நெல் முளைக்க மாட்டேன் என்கிறது, ஐப்பசி நெல் கதிரிலேயே முளைத்தது. ஏன்?

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் மூன்று ஏக்கர். போன ஐப்பசியில் குறுவை அறுப்புக்கு நின்றபோது நாலு நாள் விடாத மழை. பயிர் சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. அறுப்புக் கூலிகூடத் தேறவில்லை, அதை விடுங்கள்.

இப்போது தலைகீழ். தை கடைசியில் அறுத்த நீண்டகால நாட்டு ரகம், சிவப்பு அரிசி. நன்றாகக் காயவைத்து, பத்தாம் நாள் 100 விதையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்தேன். ஒரு வாரத்தில் முளைத்தது 18. பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு 30 கிலோ விதை தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். உரக்கடையில் கேட்டால், "ஜிப்ரலிக் அமிலத்தில் ஊறப்போடுங்கள், அத்தனையும் முளைக்கும்" என்கிறார்கள். வாங்கலாமா? இல்லை, விதையே செத்துவிட்டதா?

பழைய சோதனைக்கூடக்காரன்:
தம்பி, காசு மடியிலேயே இருக்கட்டும். விதைப் பரிசோதனைக் கூடத்தில் 26 வருடம் நெல் எண்ணியவன் சொல்கிறேன், உங்கள் விதை தூங்குகிறது. சந்தேகம் இருந்தால், முளைக்காமல் கிடப்பதை விரலால் அமுக்கிப் பாருங்கள். செத்தது கொழகொழத்துப் பூஞ்சை பிடித்திருக்கும், தூங்குவது கெட்டியாக இருக்கும். அப்புறம் புதிதாக 20 நெல்லை, முளைமுனை அடிபடாமல் உமி நீக்கி ஈரத்தில் வையுங்கள். உறக்கத்தில் உமிக்கும் பங்கு உண்டு. அது போனால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

இது இரண்டு ஹார்மோன்களின் இழுபறி. மணி முற்றும்போது சேர்கிற அப்சிசிக் அமிலம்தான் கருவை அடக்கி வைக்கிறது. (பருத்திக் காய் உதிர்வதை ஆராய்ந்தபோது 1960களில் சிக்கியதால் உதிர்தலை வைத்துப் பெயரிட்டார்கள். உதிர்க்கிற வேலையைப் பெரும்பாலும் செய்வது எத்திலீன். பெயர் ஒருவனுக்கு, உழைப்பு இன்னொருவனுக்கு!) எதிர்ப்பக்கம் ஜிப்ரலின். தண்ணீர் குடித்த கரு இதைச் சுரந்து தவிட்டுப் படலத்துக்கு அனுப்பும். அங்கே அமைலேஸ் நொதி உண்டாகி மாவைச் சர்க்கரையாக உடைக்கும். முளைகட்டிய தானியம் லேசாக இனிப்பது அதனால்தான். கருவை வெட்டியெடுத்த பார்லி விதைக்கு ஜிப்ரலினை மட்டும் கொடுத்து 1960இல் பார்த்தார்கள். கரு இல்லாமலே மாவு கரைந்தது.

குறுவை ரகங்களில் பலவற்றுக்கு இந்த உறக்கம் குறைவு. அறுத்த கையோடு அடுத்த போகத்துக்கு விதைக்கலாம் என்பது வசதி. ஐப்பசி மழையில் அதுவே வினை.

கடைக்காரர் சொல்லும் சரக்கும் நெல் நோய் ஒன்றிலிருந்து தெரியவந்ததுதான். நாற்று வெளிறி, மளமளவென்று உயர்ந்து, மணி பிடிக்காமல் சாகும் நோயை ஜப்பானில் 'பக்கனே' என்பார்கள். கூறுகெட்ட நாற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே காரணம் என்று எயீச்சி குரோசாவா 1926இல் காட்டினார். அந்தப் பொருள்தான் ஜிப்ரலின். அளவு தெரியாமல் ஊறப்போட்டால் உங்கள் நாற்றும் அப்படித்தான் நெட்டுக்குத்தாக நிற்கும்.

பேசாமல் காத்திருங்கள். காய்ந்த விதையை வெதுவெதுப்பான, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் உறக்கம் தானே கலையும். அவசரமென்றால் நாங்கள் கூடத்தில் 50 டிகிரி உலர்சூட்டில் சில நாள் வைத்து எழுப்புவோம். அதை வீட்டு அடுப்படியில் முயலாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை:
ஐயா, உமி நீக்கிய 20இல் 17 முளைத்தது. இப்போதுதான் மூச்சு வந்தது. இன்னொரு குழப்பம். அதேபோல் உமி நீக்கிய பத்து மணியைத் தண்ணீர் டம்ளரில் போட்டு மறந்துவிட்டேன். வெள்ளைக் குருத்து ஊசி மாதிரி நீண்டிருக்கிறது, வேரைக் காணோம்!

பழைய சோதனைக்கூடக்காரன்:
நெல்லின் சாமர்த்தியம் அது. காற்றில்லாத தண்ணீரில் குருத்துறையை மட்டும் நீட்டி மேலே காற்றைத் தேடும், வேரை விடாது. ஊறவைத்த நீரை வடித்துவிட்டு, விதையைச் சாக்கால் மூடி மூட்டம் போடுகிறோமே, எதற்கு? காற்றுப் பட்டு வேர் வரத்தான்.

மாடித்தோட்டக்காரி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ரோஜாக் குச்சிக்குச் சீக்கிரம் வேர் வரட்டுமென்று வேர்ப்பொடியைத் தாராளமாக அப்பி நட்டேன். அடி கறுத்ததுதான் மிச்சம்.

பழைய சோதனைக்கூடக்காரன்:
அம்மா, அந்தப் பொடியில் இருப்பது ஆக்சின் வகை. குச்சியில் புது வேரைப் பிறப்பிப்பது அதுதான். ஆனால் பிறந்த வேர் நீள்வதற்குத் துளியளவு போதும், மிஞ்சினால் நீட்சி நின்றுவிடும். வேர் மண்ணை நோக்கி வளைவதும் இந்தக் குணத்தால்தான். தொட்டி சாய்ந்துவிட்டால் வேர்நுனியின் அடிப்பக்கத்தில் ஆக்சின் கூடும். அந்தப் பக்கம் வளர்ச்சி மந்தமாகும், மேல்பக்கம் முந்தும், வேர் குனியும். தண்டில் நேர்மாறு, ஆக்சின் கூடிய பக்கம்தான் அதிகம் நீளும். ஈரக்குச்சியின் அடியைப் பொடியில் தொட்டு, தட்டி உதிர்த்துவிட்டு நடுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
சித்திரை 10. இன்று எண்ணினேன், 100க்கு 91. பக்கத்து ஊர்க்காரர் மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போன வாரமே எண்ணியிருப்பேன், ஈரச்சாக்கோடு எலி இழுத்துப் போய்விட்டது.