கடைசி லிங்க் சேரவில்லையா?

பேட்டையிலிருந்து:

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் செயின் டிரைவ் வரைந்துகொண்டிருந்தோம். பிசான நெல் வருவதற்குள் மாட்டியாக வேண்டும். பட்டறைக்குப் பயிற்சிக்கு வந்த தம்பி சாலிட்வொர்க்ஸ் வரைபட மென்பொருளில் செயின் முழுவதையும் அடுக்கிவிட்டான். கடைசி லிங்க் மட்டும் முதல் லிங்க்கோடு சேரவில்லை. "அண்ணே, பல்லு, சென்டர் தூரம் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றான். உண்மைதான். 15.875 மி.மீ. பிட்ச் (லிங்க்குகளைக் கோக்கும் ஒரு பின் ஆணியிலிருந்து அடுத்த ஆணி வரை உள்ள தூரம்), இரண்டு சக்கரத்திலும் 20 பல், சென்டர் தூரம் 476.25 மி.மீ. கணக்குப்படி 80 லிங்க்.

அவன் பாதையின் நீளத்தில் 15.875 இடைவெளி விட்டு அடுக்கியிருந்தான். சிக்கலே அங்கேதான். சக்கரத்தின் மேல் ஏறும்போதும் லிங்க் வளையாது. ஒரு பின் ஆணியிலிருந்து அடுத்தது வரை நேர்கோடாகத்தான் கிடக்கும். 20 பல் சக்கரத்தின் பிட்ச் வட்டத்தில் (பின் மையங்கள் சுற்றும் வட்டம்) ஒரு பல்லுக்கு வில் நீளம் 15.94. நேர்கோடு 15.875. இந்தச் சின்ன வித்தியாசம் இரண்டு அரைவட்டங்களிலும் சேர்ந்து 1.3 மி.மீ. ஆகிவிடுகிறது. திரையில் தெரிந்த ஓட்டை அதுதான்.

சாலிட்வொர்க்ஸ் 2015 பதிப்பில் வந்த, லிங்க்குகளை அடுக்கும் கட்டளையான செயின் காம்பொனென்ட் பேட்டர்னில் கனெக்டட் லிங்கேஜ் என்ற முறையை எடுங்கள். உள் லிங்க் ஒரு குரூப், வெளி லிங்க் இன்னொன்று. பின் மையங்கள் பாதையில் உட்காரும், பிட்ச் மாறாது. டைனமிக் வைத்தால் எந்த லிங்க்கைப் பிடித்தும் இழுக்கலாம், ஆனால் கம்ப்யூட்டர் திணறும். ஸ்டாட்டிக் போதும், மூல லிங்க்கை இழுத்தால் மொத்தச் செயினும் ஓடும். தம்பி அதை இழுத்துப் பார்த்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

கங்கைகொண்டானிலிருந்து:

பேட்டை அண்ணாச்சி சொன்னது சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு டிரைவின் கவரைக் கழற்றியபோது அடித்தகட்டில் செயின் உரசிய தடம் பளபளவென்று கிடந்தது. மாடலில் அந்த இடைவெளி கச்சிதம். மாடல் செயின் பாதையை விட்டு இறங்காது. நிஜத்தில் தளர்ந்த பக்கம் தொங்கும், தேயத் தேய இன்னும் தொங்கும். கவருக்குக் கீழே இடமும், மோட்டார் அடித்தட்டில் இழுத்துக் கட்ட நீளத் துளையும் வைக்காமல் டிராயிங்கை அனுப்பாதீர்கள். லிங்க் எண்ணிக்கையும் இரட்டைப்படையாக இருக்கட்டும். ஒற்றை வந்தால் உள் லிங்க்கும் வெளி லிங்க்கும் மாறி மாறி வராது, அரை லிங்க் மாட்ட வேண்டும். செயினில் பலம் குறைந்த இடம் அதுதான்.