படம் வரைய வைத்து பைபிள் பாடம் நடத்தினவங்க, மனசை விட்டுப் போகாத ஒண்ணைச் சொல்லுங்க

சண்டே ஸ்கூல் அக்கா:
சகேயு பாடம். குள்ளமான சகேயு இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின கதை எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். பலகையில் ஒரு மரம், மேலே குட்டி மனுஷன், கீழே இயேசுன்னு வட்டமும் கோடுமா போட்டுக் காட்டிட்டு வரையச் சொன்னேன். ஏழு வயசுப் பையன் ஒருத்தன் தாள் முழுக்க முதுகு முதுகா வரைஞ்சு வச்சிருந்தான். பழுப்பு முதுகு, பச்சை முதுகு, பாதி கலர் அடிச்ச முதுகு. ஒரு முகம் கிடையாது. மரமும் இல்லை.

"இயேசப்பா எங்கடா?"ன்னேன்.

"தெரியலக்கா. சகேயு குள்ளம்ல, முன்னாடி நிக்கிறவங்க மறைக்கிறாங்க."

வேற தாளைக் குடுத்து, "பலகையைப் பார்த்து ஒழுங்கா வரை"ன்னுட்டேன். வரைஞ்சான், மத்தவங்க வரைஞ்ச அதே மரம். வீட்டுக்கு வந்து லூக்கா 19:3-ஐ எடுத்துப் படிச்சப்பதான் உறைச்சது. மரம் நாலாம் வசனத்தில்தான் வருது. அவன் மூணிலேயே நின்னு பார்த்துட்டு இருந்திருக்கான். ஆறு வருஷம் ஆச்சு, சகேயு பாடம் வந்தாலே வேற யாரையாவது எடுக்கச் சொல்லிடுறேன்.

கூழாங்கல்:
எனக்கு கோலியாத், தாவீது கவண்கல்லால வீழ்த்தின ராட்சசன். பைபிள்ல உயரம் ஆறு முழமும் ஒரு சாணும். முழத்துக்கு ஒன்றரை அடின்னு கணக்குப் போட்டு, சாக்பீஸால் தரையில் ஒன்பதே முக்கால் அடிக்கு ஆள் வரைஞ்சோம். இடம் பத்தாம தலை வராந்தாவுக்குப் போயிடுச்சு. பிள்ளைங்க வயித்துக்குள்ள படுத்து அளக்கிறதும் சிரிக்கிறதுமா ஒரே கூத்து. நாலு வயசுப் பொண்ணு மட்டும் வாசலிலேயே நின்னா. அவளுக்குத் தண்ணி குடிக்க வெளியே போகணும், வழியில் கோலியாத் கழுத்து. கோடுதாம்மா, மிதிச்சுட்டுப் போன்னு எவ்வளவு சொல்லியும் அசையலை. தூக்கிக்கிட்டுத்தான் தாண்டினேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தா.

வசனம் பார்ப்பவன்:
ஒன்பதே முக்கால்னு அடிச்சுச் சொல்லாதீங்க பிரதர். சவக்கடல் பக்கத்துக் குகைகளில் கிடைச்ச பழங்காலச் சுருள்களில், இந்தக் கதை வர்ற சாமுவேல் புத்தகத்தின் பிரதியிலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நாலு முழம் ஒரு சாண்தான். ஆறே முக்கால் அடி, வகுப்பறைக்குள்ளேயே அடங்கியிருப்பான். ஏதேன் கனியை ஆப்பிளா வரையுறோம், ஆதியாகமத்தில் ஆப்பிள் கிடையாது. யோனாவை விழுங்கினது திமிங்கலம்னு போடுறோம், அங்கே இருக்கிறது "பெரிய மீன்". வெள்ளத்துக்குத் தப்ப நோவா செஞ்ச பேழைக்குள்ள எல்லாமே ஒவ்வொரு ஜோடின்னு வரையுறோம், சுத்தமான மிருகங்கள் ஏழேழு ஜோடி. படத்தில் பதிஞ்சது அப்புறம் அழியாதுங்க.

என் அனுபவமா? குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூணு பேர்னு என் மகள் வரைஞ்சா. காணிக்கைதான் மூணு, ஆள் எத்தனைன்னு மத்தேயு சொல்லலைன்னு திருத்தினேன். அவள் போய் ரெண்டாம் அதிகாரத்தைப் படிச்சுட்டு வந்து, "அப்பா, ஒட்டகமும் இல்லையே"ன்னா. இல்லைதான்.

சாட்சி:
முதல்ல எழுதின சிஸ்டருக்கு: அந்தப் பையன் செஞ்சதுதான் சரி. இயேசுவுக்கு முகம் வரையச் சொன்னதே தப்பு. யாத்திராகமம் 20:4 வாசிங்க, விக்கிரகமோ சொரூபமோ உண்டாக்கக் கூடாதுன்னு இருக்கு.

கூழாங்கல்:
அதே புத்தகத்தில் 25:18-ல் கேருபீன்களை, அதான் சிறகு வச்ச தேவதூதர் உருவங்களை, செய்யச் சொன்னவர் யாரு? 31-ஆம் அதிகாரத்தில் கைவேலைக்காரன் பெசலெயேலைப் பேர் சொல்லி அழைச்சது எதுக்கு? வணங்கத்தான் கூடாது, வரையக்கூடாதுன்னு இல்லை. அப்புறம், நாலு முழமா இருந்தாலும் அந்தப் பொண்ணு தாண்டியிருக்க மாட்டா.

ரப்பர் வேண்டாம்:
என்னோடது சின்னது. ஒரு பையன் கொண்டு வந்து இயேசு கூட்டத்துக்கே பகிர்ந்து குடுத்த அஞ்சு அப்பம் ரெண்டு மீன் வரையச் சொன்னேன், ஒருத்தி ஒரே ஒரு மீன்தான் வரைஞ்சா. இன்னொண்ணை அந்தப் பையன் வழியிலேயே தின்னுட்டானாம்.

புதுசா வர்றவங்களுக்காகச் சிலது சொல்றேன், கேட்கலைன்னாலும். ரப்பர் குடுக்காதீங்க, முக்கால் மணி நேரமும் அழிச்சே போயிடும். பென்சிலும் வேண்டாம், நேரா கிரையான். மீனுக்கு வளைஞ்ச கோடு ரெண்டு, வால்கிட்ட குறுக்கே வெட்டினா போதும். அப்பத்துக்கு வட்டம். பேழைக்கு நீட்டுப்பெட்டி போடுங்க, படகு மாதிரி வளைக்காதீங்க, நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. பாடத்தைச் சொல்லிக்கிட்டே வரையுங்க. வரைஞ்சு முடிச்சுட்டுக் கதை சொன்னா ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. அஞ்சு வயசுக்குக் கீழேன்னா கிறுக்கட்டும், "இது என்ன?"ன்னு கேட்காம "இதைப் பத்திச் சொல்லு"ன்னு கேளுங்க. சொல்றதைத் தாளுக்குப் பின்னாடி அப்படியே எழுதி வைங்க. முக்கியமா, பிள்ளை வரைஞ்ச படத்து மேல உங்க கையால ஒரு கோடுகூடப் போடாதீங்க. சுவரில் ஒட்டினா எல்லாத்தையும் ஒட்டுங்க, நல்லா இருக்கிற மூணை மட்டும் பொறுக்காதீங்க.

கூழாங்கல்:
சண்டே ஸ்கூல் அக்கா, அந்த முதுகுப் படம் இருக்கா? இருந்தா போட்டோ போடுங்களேன்.

சண்டே ஸ்கூல் அக்கா:
இல்லை. பின்பக்கம் வெறுமையா இருக்கேன்னு அதிலேயே அன்னைக்கு வந்தவங்க பேரை எழுதி ஆபீஸ்ல குடுத்துட்டேன்.