மறு: நிக்சி குழலுக்குத் தமிழ்ச்சொல் – ‘தணலெண்’ சரிப்படாது

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நிக்சி என்பது பழைய கருவிகளிலும் கடிகாரங்களிலும் எண்ணை ஒளிரவைத்துக் காட்டும் கண்ணாடிக் குழல். நம் பட்டறைக் கையேட்டுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்குப் பினாங்கு ஐயா முன்வைத்த ‘தணலெண்’ காதுக்கு நல்ல சொல். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் அந்தச் செம்மஞ்சள் நிறம் அப்படியே தணல்தான், மறுக்கவில்லை. ஆனால் பட்டறைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால் முதல் நாளே தப்பான பாடம் நடத்தியதாகிவிடும். நிக்சியில் எதுவும் சூடேறி ஒளி விடுவதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். கண்ணாடிக் கூட்டுக்குள் குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு. 0 முதல் 9 வரை பத்து வடிவங்களையும் மெல்லிய உலோகத்தில் செய்து, ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கியிருப்பார்கள். முன்பக்கம் மெல்லிய கம்பி வலை. வலை நேர்மின்வாய், பத்து வடிவங்களும் பத்து எதிர்மின்வாய்கள். ஏறக்குறைய 170 வோல்ட் கொடுத்து, ஒரு வடிவத்தை மட்டும் மின்சுற்றின் எதிர்முனையோடு இணைத்தால், அதை ஒட்டியிருக்கும் வாயு ஒளிரும். ஒளி வருவது கம்பியிலிருந்து அல்ல, கம்பியைக் கவிந்திருக்கும் வாயுவிலிருந்து. அதனால்தான் அந்த எண்ணுக்குக் கூரான விளிம்பே இருக்காது. ஓடும் மின்னோட்டம் இரண்டு மூன்று மில்லி ஆம்பியர்தான். குழலைத் தொட்டால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவே. (தொடுவதென்றால் கண்ணாடியை மட்டும். அடியில் இருக்கும் கால்களைத் தொட்டால் கரண்ட் அடிக்கும். மின்தேக்கி இருக்கும் பலகையில் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும். இதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடச் சொல்கிறேன்.)

உண்மையிலேயே தணலாக எரிகிற எண் ஒன்று இருக்கிறது. ஆர்சிஏ நிறுவனத்தின் நியூமிட்ரான். அதில் ஏழு இழைகள், பழைய டார்ச் லைட் குமிழில் இருப்பதுபோலச் சூடேறி ஒளிரும். ஐந்து வோல்ட்டுக்குள் வேலை முடிந்துவிடும். சோவியத் காலத்து ஐவி-9 குழலும் அதே வகை. ‘தணலெண்’ என்ற சொல்லை அதற்கென்று எடுத்து வைப்போம். நாளைக்கு இரண்டையும் ஒரே கையேட்டில் எழுத வேண்டி வந்தால் நிக்சிக்கும் நியூமிட்ரானுக்கும் பெயரிலேயே வேறுபாடு தெரியும்.

கிள்ளான் தங்கை சொன்ன ‘எண்குமிழ்’ எனக்கும் பிடித்தது. தலைப்பக்கம் உருண்ட ஐஎன்-14 வகை நிக்சிக் குழலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார். ஆனால் குமிழ் என்றதும் இழையுள்ள பல்புதான் நினைவுக்கு வரும், மறுபடியும் சூட்டுக்கே போகிறோம். தவிர, தட்டையாக முகம் பார்த்து நிற்கும் ஐஎன்-12 எந்த விதத்திலும் குமிழ் இல்லை. ‘எண்குழாய்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நம் ஊரில் குழாய் என்றால் தண்ணீர்தான் வரும்.

நான் சொல்வது ‘இலக்கக்குழல்’. எண் வேறு, இலக்கம் வேறு. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். இடமதிப்பு, இலக்கமதிப்பு என்று கணிதப் பாடத்தில் ஏற்கெனவே படித்திருக்கும். ஒரு குழல் காட்டுவது ஒரு இலக்கம். நான்கு குழல் சேர்ந்தால்தான் மணி. ஜெர்மானியர்களும் இதே வழியில்தான் போயிருக்கிறார்கள், அவர்கள் வைத்த பெயரும் இலக்கத்தைக் காட்டும் குழல் என்பதுதான். ரஷ்யர்கள் வாயு மின்னிறக்கக் காட்டி என்றார்கள். சரியான பெயர், ஆனால் நீளம்.

‘நிக்சி’யையும் தூக்கி எறியத் தேவையில்லை என்பது என் எண்ணம். 1955-இல் பரோஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தபோது வைத்த வணிகப்பெயர் அது. வரைபடத்தில் ‘எண் காட்டி, சோதனை முயற்சி, ஒன்று’ என்ற பொருளில் யாரோ சுருக்கி எழுதியதே பெயராக நின்றுவிட்டது என்று சொல்வார்கள். அங்கேயும் கலைச்சொல் குழு எதுவும் கூடிப் பேசவில்லை! பேச்சில் நிக்சி, கையேட்டில் இலக்கக்குழல் என்று இரண்டும் இருக்கட்டும்.

இதுவரை எழுதியது சின்ன விஷயம். எனக்கு உண்மையில் உறுத்துவது நம் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் பதினோராவதாக இருக்கும் ‘எதிர்மின்வாய் நஞ்சேற்றம்’, அதாவது சில இலக்கங்கள் அரைகுறையாக மட்டும் எரிகிற கோளாறு. ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதற்காக நாமும் நஞ்சைத் தூக்கி வைத்திருக்கிறோம்.

என்னிடம் ஒரு பழைய அலைவெண் எண்ணி இருக்கிறது, மின்னலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று நிக்சியில் காட்டும் கருவி. ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் வாங்கியது. விற்றவருக்கு அது என்னவென்று தெரியவில்லை, ‘பழைய ரேடியோ’ என்றார். அதன் இடது ஓரக் குழலில் 0 மட்டும் பளிச்சென்று எரியும். பல வருடம் அந்த இடத்தில் வேறு எண் வந்திருக்காது போலும். 4-ஐ எரியவிட்டால் நிற்கும் கோடு எரிகிறது, குறுக்குக் கோடு பாதியில் இருட்டு. 7-க்குத் தலை இருக்கிறது, கால் இல்லை. கம்பி அறுந்துவிட்டதோ என்று உருப்பெருக்கியில் பார்த்தால் கம்பி முழுதாக இருக்கிறது. அதன் மேல் மங்கலாக ஏதோ படிந்திருக்கிறது.

காரணம் இதுதான். ஓர் இலக்கம் எரியும்போது நியான் அயனிகள் அதன் மேல் மோதிக்கொண்டே இருக்கும். மோதிய இடத்திலிருந்து உலோக அணுக்கள் சிதறி, பக்கத்தில் அணைந்து கிடக்கும் இலக்கங்களின் மேல் போய்ப் படியும். நாளாக ஆக அந்தப் படிவு உள்ள இடத்தில் ஒளி பிடிக்காது. அடிக்கடி எரிகிற இலக்கம் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது, சும்மா கிடப்பதுதான் கெடுகிறது. கடிகாரத்தில் இது இன்னும் மோசம். 24 மணிக் கடிகாரத்தின் முதல் குழலில் 0, 1, 2 தவிர எதுவும் வராது, மீதி ஏழும் சும்மா கிடக்கும். நிமிடத்தின் பத்தாமிடத்தில் 6 முதல் 9 வரை எரிய வேலையே இல்லை.

இதில் நஞ்சு எங்கே வந்தது? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிஜமான நஞ்சு ஒன்று பல குழல்களுக்குள் உண்டு, துளிப் பாதரசம். எரியும் எண்ணைச் சுற்றி நீலச் சாயல் தெரிவது அதனால்தான். அதை உள்ளே விட்டதே இந்தச் சிதறலைக் குறைத்துக் குழலின் ஆயுளைக் கூட்டத்தான். பாதரசம் இல்லாத ஆரம்பக் குழல்கள் சில ஆயிரம் மணி நேரத்தில் தேய்ந்துபோயின. ஆக, நஞ்சு என்று நாம் பெயர் வைத்தது நஞ்சே இல்லை, உண்மையான நஞ்சோ அதைத் தடுக்கிறது! குழல் கீழே விழுந்து உடைந்தால் பாதரசத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டிய கையேட்டில் இந்தக் குழப்பம் வேண்டவே வேண்டாம்.

செம்புப் பாத்திரத்தை எடுக்காமல் வைத்திருந்தால் என்ன ஏறும்? களிம்பு. புழங்கப் புழங்கப் பளிச்சென்று இருக்கும், சும்மா வைத்தால் களிம்பேறும், தேய்த்தால் போகும். இலக்கத்துக்கும் அதே கதைதான். அடம்பிடிக்கும் இலக்கத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல் மின்னோட்டம் விட்டு மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் எரியவிட்டால் இருண்ட பகுதி மெல்ல மெல்லத் திரும்பும். ஆகவே ‘களிம்பேற்றம்’ என்று முன்மொழிகிறேன். ‘இந்தக் குழலில் 7 களிம்பேறியிருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். பழுது பார்க்கிற எவர் வாயிலும் நிற்கும்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து

-----

மறுமொழி (பினாங்கு)

தம்பிக்கு வணக்கம்.

தணலை எடுத்துக்கொள்ளுங்கள், சண்டையில்லை. ஆனால் உங்கள் காரணம் முழுதாகச் சரியில்லை. எல்இடி விளக்கைக்கூட நாம் ‘எரிகிறது’ என்றுதானே சொல்கிறோம்? நீங்களே உங்கள் மடலில் பத்துத் தடவை இலக்கம் ‘எரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எரிவதற்குச் சூடு வேண்டாம், தணலுக்கு மட்டும் வேண்டுமா?

எல்இடி என்றதும் நினைவுக்கு வருகிறது. 1972-இல் இங்கே பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வலயம் தொடங்கியபோது முதலில் வந்த ஆலைகளில் லிட்ரானிக்ஸ் ஒன்று. எல்இடிதான் அவர்கள் தொழில். உங்கள் நிக்சியை 70-களில் சந்தையிலிருந்து விரட்டியது அதுதானே? அந்தக் காலத்தில் இங்கே மின்னணு ஆலைகளில் நம் பெண்கள் நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ‘போண்டிங்’ என்பார்கள். அதற்கு எவரும் தமிழ் கேட்கவில்லை. இப்போது நீங்கள் ஒழிந்துபோன குழலுக்குக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான், தவறு சொல்லவில்லை.

களிம்புக்கு வருகிறேன். இரண்டு தடை. ஒன்று, இன்றைய பிள்ளைகள் வீட்டில் செம்பு ஏது? எல்லாம் சில்வர். களிம்பு என்றால் மருந்துக் கடையில் வாங்கிப் பூசுவது என்றே நினைப்பார்கள். இரண்டு, சைவ சித்தாந்தத்தில் செம்பில் களிம்பு என்பது வெளியிலிருந்து வருவது அல்ல, செம்பு உள்ளபோதே அதனோடு உள்ளது. உயிரோடு என்றும் ஒட்டியிருக்கும் ஆணவ மலத்துக்கு அதை உவமை சொன்னதே அதற்காகத்தான். உங்கள் படிவோ பக்கத்து இலக்கத்திலிருந்து வந்து ஒட்டுகிறது. உவமை கொஞ்சம் நொண்டுகிறதே?

-----

மறுமொழி (கிள்ளான்)

ஐயா, அண்ணா, இருவருக்கும் வணக்கம். எண்குமிழை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். களிம்பு எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அடுத்த சொல் தானாக வருகிறது. கடிகார நிரலில் நள்ளிரவில் பத்து இலக்கங்களையும் மாற்றி மாற்றி ஓடவிடுகிறோமே, அதற்குப் பட்டியலில் ‘நச்சுநீக்கச் சுழற்சி’ என்று இருக்கிறது. ‘துலக்கல்’ என்றால் போதாதா? நான் என் நிரலில் அந்தச் செயற்கூறுக்குத் ‘துலக்கு’ என்றே பெயர் வைத்துவிட்டேன், வேலை செய்கிறது.

-----

மறுமொழி (செந்தூல்)

தங்கச்சி, துலக்கல் பிரமாதம். நான் யோசிக்கவே இல்லை. உடனே பட்டியலில் ஏற்றுகிறேன். பழுதான ஓர் இலக்கத்தை மட்டும் கூடுதல் மின்னோட்டத்தில் எரியவிடுவதற்கும் அதே சொல் போதும், ‘அழுத்தித் துலக்கல்’ என்று முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் கையேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அழுத்தித் துலக்கினால் குழலின் ஆயுளும் கொஞ்சம் தேயும். புது ஐஎன்-18-இல் யாரும் விளையாட வேண்டாம். 40 மில்லிமீட்டர் உயர இலக்கம், இப்போது கிடைப்பதும் அரிது.

ஐயா, ‘எரிகிறது’ என்ற சொல்லில் நெருப்பு அணைந்து ரொம்ப நாளாகிறது, தணலில் இன்னும் அணையவில்லை. என் பதில் அவ்வளவுதான். மருந்துக் களிம்பைப் பற்றிக் கவலை வேண்டாம், வினையே பிரித்துவிடும். மருந்தைப் பூசுகிறோம், செம்பில் ஏறுகிறது. ‘களிம்பேற்றம்’ என்று எழுதும்போது எவரும் மருந்துக் கடைக்குப் போக மாட்டார்கள். சித்தாந்தத் தடைக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம், படிவது வெளி உலகத்துத் தூசு அல்ல, அதே கூட்டுக்குள் இருக்கும் இன்னோர் இலக்கத்தின் உலோகம். குழலை ஒரே பொருளாகப் பார்த்தால் களிம்பு அதற்கு உள்ளேயேதான் பிறக்கிறது. இதற்கு மேல் ஐயாவோடு வாதாட எனக்குப் படிப்பு போதாது.

பட்டறைப் பெட்டியில் ஐஎன்-12-தான் போடுகிறோம், சொருகிக் கழற்ற வசதி. அதில் 5 என்பது 2-ஐத் தலைகீழாகப் புரட்டிப் போட்டதுதான். கையேட்டில் அதைச் சொல்லாமல் விடலாமா? பிள்ளைகளில் எத்தனை பேர் தாங்களாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்க ஆசை.

இன்னும் முடியாதது ஒன்று இருக்கிறது. ஒரே மின்னணுச் சில்லை வைத்து, ஆறு குழல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரியவைக்கும் முறைக்குப் ‘பன்மையாக்கம்’ என்று எழுதியிருக்கிறோம். படித்தால் எதுவும் விளங்கவில்லை. வாய்க்கால் தண்ணீருக்குச் சொல்வதுபோல ‘முறைவைப்பு’ என்று போடலாமா என்று பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாராவது மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.