எல்லோருக்கும் 'மிகச் சிறப்பு': உச்சவரம்பு வைக்கலாமா?

பணியாளர் பிரிவு:
அரசுத் துறை ஒன்றில் பணியாளர் பிரிவைக் கவனிக்கிறேன். பணிப்பதிவேடு, பதவி உயர்வுப் பட்டியல், இடமாற்றக் கோப்பு எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். இந்த ஆண்டு வந்த 46 செயல்திறன் அறிக்கைகளில் 43 'மிகச் சிறப்பு'. ஓர் அதிகாரி எழுதிய ஒன்பதிலும் ஒரே வாக்கியம்: "ஒப்படைத்த பணிகளைச் செவ்வனே முடிப்பவர்." அந்த ஒன்பது பேரில் ஒருவர் எட்டு மாதம் மருத்துவ விடுப்பில் இருந்தார். அவரும் செவ்வனே முடித்திருக்கிறார்!

இதைச் சீர்செய்ய மேலிடம் முன்மொழிவு கேட்டிருக்கிறது. 'மிகச் சிறப்பு' 20 விழுக்காட்டுக்கு மேல் கூடாது, அவர்களுக்கு மட்டும் ஊக்கத்தொகை என்று எழுத நினைக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்றவன்:
முறை வைத்துக் கொடுப்பார்கள். இந்த ஆண்டு இவருக்கு, அடுத்த ஆண்டு அவருக்கு, பதவி உயர்வு நெருங்கியவருக்கு முதலில். எங்கள் அலுவலகத்தில் அதற்கென்றே ஒரு நோட்டு இருந்தது. எழுதியவன் நான்தான்! நான்கு பேர் உள்ள பிரிவில் 20 விழுக்காடு என்றால் ஒரு முழு ஆள்கூடத் தேறாது, அதையும் யோசியுங்கள்.

குறைத்து எழுதினால் எழுதியவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டுக்குப் பதில் தர வேண்டும். 'மிகச் சிறப்பு' என்றால் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. எந்தக் கோப்பில் என்ன சிறப்பு என்று அதற்கும் காரணம் கேளுங்கள், பாதி தானாகக் குறையும்.

பழைய கோப்பு:
ஊக்கத்தொகை பற்றி மட்டும். அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடைநிலை மேலாளர்களுக்குத் தகுதி அடிப்படையிலான ஊதியத்தைக் கொண்டுவந்தது. 1984இல் வேறு திட்டமாக மாற்றினார்கள், 1993இல் அதுவும் முடிந்தது. கொடுத்த தொகை சொற்பம், மனக்கசப்புதான் மிச்சம். தனியார் துறையிலும் மைக்ரோசாஃப்ட் தன் கட்டாயத் தரவரிசையை (ஒவ்வொரு தரத்திலும் இத்தனை விழுக்காட்டினர் என்று முன்கூட்டியே வகுக்கும் முறை) 2013இல் கைவிட்டது.

மூன்றாம் இருக்கை:
ஐயா, அந்த அறிக்கையில் எழுதப்படுகிறவள் நான். பக்கத்து இருக்கை இரண்டரை ஆண்டாகக் காலி. 'கூடுதல் பொறுப்பு' என்று இரண்டு வரியில் ஓர் ஆணை போட்டு அந்தக் கோப்புகளையும் என் மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். படிவத்தில் கூடுதல் பொறுப்புக்குக் கட்டம் கிடையாது. நிலுவைக் கோப்புகளின் எண்ணிக்கைக்கு மட்டும் கட்டம் இருக்கிறது, இரண்டு இருக்கை நிலுவையும் என் பெயரில்தான் ஏறும். நீங்கள் உச்சவரம்பு வைத்தால் அந்த 20 விழுக்காட்டில் வரப்போவது ஒற்றை இருக்கை பார்க்கிறவர்தான்.

பணியாளர் பிரிவு:
இது எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் பதிலைப் படித்ததும் பணியிடப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அனுமதிக்கப்பட்ட இடம் 60, காலி 14. அந்த 14 இருக்கையையும் சுமப்பவர்கள் பதினோரு பேர். அவர்களும் 'மிகச் சிறப்பு', விடுப்பில் இருந்தவரும் 'மிகச் சிறப்பு'.

உச்சவரம்பையும் ஊக்கத்தொகையையும் அடித்துவிட்டேன். கூடுதல் பொறுப்புக்குத் தனிக் கட்டம் போடுகிறேன்: எந்த இருக்கை, எந்தத் தேதி முதல், அதன் நிலுவை தனியாக எவ்வளவு. ஓய்வுபெற்ற ஐயா சொன்ன காரணக் கட்டமும் உண்டு. அம்மா, உங்கள் ஆணையில் முடிவுத் தேதி இருக்கிறதா?

மூன்றாம் இருக்கை:
"மறு உத்தரவு வரும் வரை" என்று இருக்கிறது ஐயா.