நெட் போனால் அந்த நாள் காசைக் கழித்துத் தர வேண்டாமா?

பனியன் ஜாப் ஒர்க், திருப்பூர்:
மதியம் போன நெட் மறுநாள் சாயங்காலம்தான் வந்தது. அதுவரை மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. வாசலில் வெளிமாநில லோடு ஏற்றிய வண்டி. 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு என்றால் ஜிஎஸ்டி இணையதளத்தில் எடுக்கிற இ-வே பில் இல்லாமல் வண்டி நகராது. அதைச் செல்போன் ஹாட்ஸ்பாட் வைத்துப் போட்டுவிட்டோம். பையர் அனுப்பிய டிசைன் ஃபைல் இறங்காமல் பிரிண்டிங் டேபிளில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், கூலி கொடுத்தேன். நான் பணம் கட்ட ஒரு நாள் தள்ளினால் லைனைத் துண்டிக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் தராவிட்டால் அந்தப் பணம் எங்கே? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதியில் இழப்பீடு உண்டு என்கிறார்கள். கஸ்டமர் கேரில் கேட்டால் போனை வைத்துவிடுகிறார்கள்.

கோபி லைன்மேன்:
அண்ணா, கோபம் நியாயம்தானுங்க. ஆனால் கேபிள் தானாக அறுவதில்லை. குழாய் பதிக்க, சாக்கடை எடுக்க என்று ஜேசிபி வந்து ஒரு இழு இழுத்தால் போச்சு. அப்புறம் ஓடிடிஆர் மெஷினை மாட்டி எத்தனையாவது மீட்டரில் அறுந்தது என்று பார்க்க வேண்டும். 24 கோர் கேபிள் என்றால் 24 இழையையும் ஒவ்வொன்றாக மேல்தோல் உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, கிளீவரில் நேராக வெட்டி, மெஷினில் வைத்து ஒட்டணும். தலைமுடி கனத்தில் இருக்கிற கண்ணாடி அது. நீலத்தோடு நீலம், ஆரஞ்சோடு ஆரஞ்சு. ஒன்று மாறினால் இந்தத் தெரு லைன் அந்தத் தெருவுக்குப் போய்விடும். ராத்திரி பதினோரு மணிக்கு, மழையில், ஒருத்தர் குடை பிடிக்க இன்னொருத்தர் ஒட்டுகிற வேலை இது. தோண்டுவதற்கு முன் கேபிள்காரருக்குத் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலியே விட்டது. அதைத் திறந்து பார்த்துவிட்டுத் தோண்டுகிற ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. இன்னொன்று, நீங்கள் வீட்டு பிளான் வாங்கி யூனிட் ஓட்டுகிறீர்கள். நிற்கவே கூடாது என்றால் உங்களுக்கென்று தனியாக ஒதுக்குகிற லீஸ் லைன் எடுக்கணும்.

பனியன் ஜாப் ஒர்க், திருப்பூர்:
லீஸ் லைனும் அதே கம்பத்தில் அதே வழியாகத்தானே வருகிறது தம்பி? ஜேசிபி பிளான் பார்த்தா அறுக்கும்? நீங்கள் மழையில் நிற்பதை நான் குறை சொல்லவில்லை. பணம் வாங்குகிற கம்பெனியைத்தான் கேட்கிறேன்.

ஈரோடு, வீட்டிலிருந்து வேலை:
லைன்மேன் அண்ணா, கேபிள் அறுந்தது உங்கள் தப்பில்லை. ஆனால் போன் போட்டால் எப்போதும் "ஒன் அவர்ல வந்துரும் மேடம்" என்றுதானே பதில் வருகிறது? இன்றைக்கு வராது என்று காலையிலேயே சொல்லியிருந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெருந்துறையில் அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். அந்த ஒன் அவரை நம்பி உட்கார்ந்ததில் அரை நாள் லீவு போனது, டீம் லீடரிடம் பேச்சும் வாங்கினேன். நெட் போனதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோவை நுகர்வோர்:
விதியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இரண்டைப் போட்டுக் குழப்புகிறார்கள். ட்ராய் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சேவைத் தர விதிகள் அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கின்றன. மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் பில்லில் கழிக்க வேண்டும், ப்ரீபெய்டு என்றால் வேலிடிட்டியை நீட்டிக்க வேண்டும். இயற்கைச் சீற்றத்துக்கு விலக்கு உண்டு. உங்கள் தெருவில் மட்டும் நெட் போனால் இது பொருந்தாது. வயர் வழி இணைப்பில் பழுது 3 நாளுக்கு மேல் இழுத்தால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்பது தனி.

ட்ராய்க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. கம்பெனியில் புகார் எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போடுங்கள், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம். தொலைபேசி வழக்கு அங்கே செல்லாது என்று பழைய தீர்ப்பைக் காட்டுவார்கள், 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே செல்லும் என்று சொல்லிவிட்டது. பனியன் அண்ணா கவனிக்க: வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவைக்கு அங்கே இடமில்லை. சொந்தப் பிழைப்புக்குச் சுயதொழில் என்று காட்ட முடிந்தால்தான் நிற்கும்.

பொள்ளாச்சி தோப்பு:
எனக்கு இந்தக் கழிவுப் பேச்சே பிடிக்கவில்லை. மாதம் 600 கட்டினால் ஒரு நாளுக்கு 20 ரூபாய். அதற்காக ஆணையம் வரைக்கும் போய் அலைவதா? ஆனைமலை ரோட்டில் எங்கள் தோப்புப் பக்கம் கேபிள் இழுத்து வந்தது ஒரே ஒரு உள்ளூர் ஆபரேட்டர்தான். பெரிய கம்பெனி எதுவும் நான்கு வீட்டுக்காக வராது. நீங்கள் சொல்கிற கழிவெல்லாம் இவர் தலையில்தான் விழும். நாளைக்கு அவர் கடையைக் கட்டினால் எங்களுக்குச் சிக்னல் எட்டாத செல்போன் டவர்தான் மிச்சம்.

பனியன் ஜாப் ஒர்க், திருப்பூர்:
ஒருவருக்கு 20 ரூபாய்தான், சரி. ஒரு வெட்டில் ஏரியாவே போகிறது. அத்தனை பேருக்கும் கேட்காமலே கழிந்தால்தான் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் இரண்டாவது வழி கேபிள் போட யோசிப்பார். இப்போது எங்கள் நஷ்டம் அவர் கணக்கில் ஏறவே இல்லை. உங்கள் ஆபரேட்டரைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் அதற்காக நான் வாய் மூடிக்கொண்டிருக்க முடியாது.

கோபி லைன்மேன்:
இரண்டாவது வழி என்றால் கேபிள் செலவு மட்டுமில்லை, கம்பத்துக்குக் கம்பம் வாடகை இருக்குதுங்க. ரேட்டை ஏற்றினால் பாதிப் பேர் அடுத்த கம்பெனிக்குப் போகிறீர்கள்.

ஈரோடு, வீட்டிலிருந்து வேலை:
நான் போக மாட்டேன். மாதம் 50 ரூபாய் கூடக் கேளுங்கள், தருகிறேன். எங்கே அறுந்தது, எத்தனை மணிக்குச் சரியாகும் என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தாக வேண்டும். மீட்டர் கணக்கு வரைக்கும் உங்கள் மெஷின் சொல்கிறது என்றால் அதை எங்களுக்குச் சொல்வதில் என்ன கஷ்டம்?

பனியன் ஜாப் ஒர்க், திருப்பூர்:
பல்லடம் ரோடு, மங்கலம் பக்கம் இந்த வாரம் லைன் போனவர்கள் புகார் எண்ணை அழித்துவிடாதீர்கள். ஆளுக்கொரு மேல்முறையீடு ஒரே நாளில் போடுவோம்.

கோபி லைன்மேன்:
தாராளமாகப் போடுங்கள். கம்பெனி பேரில் போடுங்கண்ணா. லைன்மேன் வரவில்லை என்று எழுதினால் எங்கள் கமிஷனில்தான் பிடிப்பார்கள்.