கருவுக்குள் ஜி.எஃப்.பி: சைகை கொண்டுபோனதா, தானாய்ப் போனதா?

இரணைமடு மாணவி
வணக்கம். வெங்காய உரியில் இரண்டு கட்டமைப்புப் போட்டிருக்கிறோம். ஒன்று வெறும் ஜி.எஃப்.பி, பச்சையாய் ஒளிரும் புரதம். மற்றது எஸ்.வி.40 வைரசின் கருச் சைகை (புரதத்தைக் கருவுக்குள் அனுப்பும் சிறிய அமினோ அமிலத் தொடர்) ஒட்டினது: புரோலின், லைசின் மூன்று, ஆர்ஜினின், லைசின், வலின். இரண்டிலும் கரு பச்சையாய் மினுங்குது. சைகை உள்ளதில் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அப்ப சைகை வேலை செய்யுதா இல்லையா?

இன்னொன்று. இம்போர்ட்டின் என்ற காவிப்புரதம் சரக்கோடு கருத்துளையால் உள்ளே போகுது என்றால், அதே சரக்கோடு ஏன் திரும்பி வாறதில்லை? குளத்துத் துருசுக் கதவு மாதிரி ஏதும் உள்ளுக்கு இருக்கா?

ஓமந்தையான்
தங்கச்சி, சைகையில் பிழை இல்லை, சரக்கின்ரை பருமனில்தான் பிழை. ஜி.எஃப்.பி 27 கிலோ டால்ற்றன். ஏறத்தாழ 40க்குக் கீழே உள்ள புரதம் வாங்கிப்புரதத்தின், அதாவது இம்போர்ட்டினின், உதவி இல்லாமலே துளையால் பரவிப் போகும், வரும். 40 என்பது கறாரான கோடும் இல்லை. பருமன் ஏற ஏற வேகம் குறையும், அவ்வளவுதான்.

சரக்கைப் பெருப்பியுங்கோ. மூன்று ஜி.எஃப்.பியை வரிசையாய்க் கோத்தால் 81. ஜி.எஃப்.பியோடு கஸ் நொதியத்தைச் சேர்த்தால் 95 அளவில் வரும். அந்தப் பெரிய சரக்கு சைகை இல்லாமல் வெளியிலும், சைகையோடு கருவிலும் நிக்க வேண்டும். மூன்றாவதாய் ஒன்றும் தேவை: அதே சைகையில் 128ஆம் இடத்து (வைரசின் முழுப் புரதத்தில் எண்ணினபடி) லைசினைத் திரியோனினாய் மாற்றினது. ஒரே ஒரு அமினோ அமிலம்தான், ஆனால் சைகை செத்துப்போகும். இது இல்லாமல் எழுதின அறிக்கையை நான் என்றால் திருப்பி அனுப்புவன்.

வெங்காயக் கலத்தில் இன்னொரு பொறி இருக்கு. நடுவில் புன்வெற்றிடம் பெருத்து, குழியவுரு மெல்லிய படையாய்ச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். கருவைச் சுற்றித்தான் கொஞ்சம் தடிப்பாய்த் திரண்டிருக்கும். சாதாரண ஒளிர்வு நுணுக்குக்காட்டியில் அந்தத் தடிப்பும் கரு மாதிரியே தெரியும். டி.என்.ஏயில் ஒட்டிக் கருவைக் காட்டும் டாப்பி சாயம் போட்டு, கொன்ஃபோக்கல் நுணுக்குக்காட்டியில் தட்டுத் தட்டாய் வெட்டிப் பாருங்கோ.

முத்தையன்கட்டு
இரண்டாவது கேள்விக்கு வாறன். துளையில் கதவு இல்லை, துளை இரண்டு பக்கமும் விடும். திசையைத் தீர்மானிக்கிறது ரான் என்ற 25 கிலோ டால்ற்றன் புரதம்.

இம்போர்ட்டின் அல்பா சைகையின் லைசின்களைப் பிடிக்கும். அல்பாவின் முன்வாலை இம்போர்ட்டின் பீற்றா பிடிக்கும். துளைக்குள் பினைல்அலனின்–கிளைசின் இணைகள் நிறைந்த இழைகள் வலை போலக் கிடக்கின்றன. அவற்றில் ஒட்டி, விட்டு, ஒட்டி வழுக்கிப் போகிறது பீற்றாதான். உள்ளே ரான்–ஜி.ரி.பி, அதாவது ஜி.ரி.பி என்ற ஆற்றல் மூலக்கூறைப் பிடித்த ரான், காத்திருக்கும். அது பீற்றாவில் ஏறின உடனே அல்பா கழன்றுவிடும், சரக்கும் விடுபடும். கையில் பிடி இல்லாத சரக்கு எப்படித் திரும்பும்?

பீற்றா ரான்–ஜி.ரி.பியைச் சுமந்து வெளியே வரும். அல்பாவுக்குத் தனி வாகனம்: காஸ் என்ற புரதம், அதிலும் ஒரு ரான்–ஜி.ரி.பி. வெளியில் ரான்காப் என்ற புரதம் ஜி.ரி.பியை உடைத்து ஜி.டி.பி ஆக்கும், எல்லாம் கழன்றுபோகும். ஆக, ஒரு சுற்றுக்கு இரண்டு ஜி.ரி.பி செலவு. ரான்–ஜி.டி.பியை என்.ரி.எஃப்.2 என்ற புரதம் உள்ளே கொண்டுபோக, குரோமற்றினில் (கருவின் டி.என்.ஏ–புரதத் திரளில்) குந்தியிருக்கும் ஆர்.சி.சி.1 என்ற புரதம் பழையபடி ஜி.ரி.பி ஏற்றும். ஆர்.சி.சி.1 உள்ளே மட்டும், ரான்காப் வெளியே மட்டும். முழு விளையாட்டும் இந்த இருப்பிட வித்தியாசத்தில்தான்.

துருசு உவமையை விடவேண்டாம், ஆனால் கதவைப் பார்க்காமல் மட்டத்தைப் பாருங்கோ. குளத்துப் பக்கம் நீர் உயர்ந்து நிக்கிறதுபோல, கருவுக்குள் ரான்–ஜி.ரி.பி உயர்ந்து நிக்குது. ஒரு இடத்தில் உவமை முறியும்: தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும், சரக்கோ செறிவு கூடின கருவுக்குள்ளேயே இன்னும் குவியும். இறங்குவது ரானின் மட்டம், ஏறுவது சரக்கு.

ஓமந்தையான்
வாங்கிப்புரதம் தேவை என்று நேரடியாய்க் காட்டுவதென்றால் டிஜிற்றோனின் முறை. ஹீலா கலங்களை (ஆய்வுகூடத்தில் வளர்க்கும் மனிதக் கலங்கள்) மில்லிலீற்றருக்கு 40 மைக்கிரோகிராம் டிஜிற்றோனினில் 5 நிமிடம், ஐஸில். கொலஸ்திரோல் கூடின வெளிமென்சவ்வு ஓட்டையாகும், கருவுறை தப்பும். கழுவினால் இம்போர்ட்டின்கள் போய்விடும். பிறகு இம்போர்ட்டின்களைத் திருப்பிக் கொடுக்க முயலின் முதிராத செந்நிறக்கலச் சாறு, ஒளிரும் சரக்கு, 1 மில்லிமோலர் ஏ.ரி.பி, 5 மில்லிமோலர் கிரியற்றின் பொஸ்பேற், மில்லிலீற்றருக்கு 20 அலகு கிரியற்றின் கைனேஸ். 30 பாகையில் 30 நிமிடம்.

பிழைக்கிறது அனேகமாய் டிஜிற்றோனினில்தான். கூடினால் கருவுறையும் கிழியும், எல்லாம் உள்ளே போய் அருமையான முடிவு போலத் தெரியும்! 70 கிலோ டால்ற்றன் ஒளிர் டெக்ஸ்ட்ரானை (சைகை இல்லாத பெரிய சர்க்கரைச் சங்கிலி) தட்டின் ஒரு கிணறில், அதாவது குழியில், போடுங்கோ. அது கருவுக்குள் நின்றால் அந்தத் தட்டு குப்பைக்கு. ஒவ்வொரு புதுப் போத்தலுக்கும் செறிவைத் திரும்பப் பாருங்கோ. சித்திரை வெக்கையில் ஐஸ்பெட்டி மூடியைத் திறந்து வைக்கவும் வேண்டாம்.

சாறு போடாத கிணறு, ஐஸிலேயே வைத்த கிணறு, கோதுமை முளை லெக்ரின் போட்ட கிணறு, மூன்றிலும் கரு இருட்டாய் இருக்க வேண்டும். லெக்ரின் துளைப்புரதங்களின் சர்க்கரையைப் பிடித்து வழியை அடைக்கும்.

இரணைமடு மாணவி
நன்றி அண்ணை. செலவாவது ஜி.ரி.பி என்றால் ஏன் ஏ.ரி.பி போடுறம்?

முத்தையன்கட்டு
சாற்றிலேயே உள்ள வேறொரு கைனேஸ் நொதியம் ஏ.ரி.பியின் பொஸ்பேற்றை ஜி.டி.பிக்கு மாற்றி ஜி.ரி.பியை நிரப்பிக்கொண்டே இருக்கும். சாறு இல்லாமல் சுத்திகரித்த இம்போர்ட்டின், ரான், என்.ரி.எஃப்.2 மட்டும் போடுவதென்றால் ஜி.ரி.பியையும் கையால் போட வேண்டும்.